வன்னிக்குப் புதிதாகக் குடிவருவோர் இடம் தெரிவு செய்யும் முறை

வன்னியில் குடியிருக்க வெளியிலிருந்து வருவோருள் இடமாற்றம் பெற்ற ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் உள்ளனர். பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ பணிக்கு வருவோர் உள்ளனர். தமிழ்நாட்டிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பி வந்து காணி வாங்கி வீடு கட்ட எண்ணுவோரும் உள்ளனர். இவர்களிற் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பழகிய அளவுகோலையே இங்கும் பயன்படுத்துகின்றனர். சந்திக்கு எவ்வளவு தூரம், பாடசாலைக்கு எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கேள்விகள் தேவையானவைதாம், ஆயினும் ஆவணியில் கிணற்றில் தண்ணீர் இருக்குமா, மார்கழியில் முற்றத்தில் தண்ணீர் நிற்குமா என்ற இரண்டும் அவற்றுக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டியவை. எந்த நகரத்தை ஒட்டி இருப்பது என்பதை உங்கள் வேலை தீர்மானித்துவிடும். அந்நகரத்தைச் சூழ்ந்த ஊர்களில் எதில் இருப்பது என்பதைத் தண்ணீரைக் கொண்டு தீர்மானியுங்கள்.

எந்த நகரத்தை ஒட்டி

வன்னியின் நகரங்கள் நடுவிலிருந்து நாற்புறமும் விரிந்தவை அல்ல. கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியும் அதிலிருந்து பிரியும் வீதிகளுமே அவற்றின் முதுகெலும்பு. வீதியோரம் கடைகளும், அவற்றின் பின்னால் குடியிருப்புகளும், அதற்கப்பால் வயலும் குளமும் காடுமாக அமைந்திருக்கும். ஆகவே வரைபடத்தில் நகரத்துக்கு மிக அருகில் தெரியும் ஓர் ஊர், இடையில் பாலமில்லாத வாய்க்காலோ மழையில் மூழ்கும் கிரவல் வீதியோ இருப்பதனால் நடைமுறையில் தொலைவாகிவிடுவது உண்டு. தூரத்தைக் கிலோமீற்றரில் கேட்காமல், காலை ஏழு மணிக்கு அங்கிருந்து புறப்பட்டால் எத்தனை மணிக்கு வந்து சேரலாம், மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதே சரியானது.

புதிதாக வருவோருக்கு மிக எளிதான இடம் வவுனியா. மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய எல்லாத் திசைகளுக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. புகையிரத நிலையமும் மாவட்டப் பொது வைத்தியசாலையும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம் போன்ற பெயர் பெற்ற பாடசாலைகளும் உள்ளன. வைரவபுளியங்குளம், குருமன்காடு ஆகிய பகுதிகளில் உத்தியோகத்தர் குடும்பங்களும் தனியார் கல்வி நிலையங்களும் அதிகம். அதற்கேற்ப வாடகையும் கூடுதலாகவே இருக்கும். பம்பைமடுவுக்குப் போய்வர வேண்டியவர்கள் நகர நெரிசலுக்குள் புகாமல் மன்னார் வீதியில் நெளுக்குளம், வேப்பங்குளம் பக்கம் பார்ப்பது நல்லது. வடக்கே ஓமந்தை, புளியங்குளம் பக்கம் காணி விசாலமாகக் கிடைக்கும். ஆயினும் வாகனம் இல்லாத குடும்பத்துக்கு அது பொருந்தாது.

கிளிநொச்சி இதிலிருந்து வேறுபட்டது. 1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாக்கப்பட்ட இந்நிலம், பெரும்பாலும் குடியேற்றத் திட்டங்களாக உருவானது. அதனால் வளவுகள் பெரியவை, வீதிகள் நேரானவை, வீடுகள் ஒன்றுக்கொன்று விலகியவை. திருநகர், உதயநகர், ஜெயந்திநகர் போன்றவை நகரத்தோடு ஒட்டியவை. வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் ஆகியவை வயலோடு வாழ விரும்புவோருக்கு ஏற்றவை. அறிவியல் நகரில் பணிபுரிவோர் வளாகத்தை ஒட்டி வீடு தேடுவதைவிட, கிளிநொச்சி நகரத்துப் பக்கம் இருந்துகொண்டு ஏ9 வீதியில் போய்வருவதே வசதி; இரவில் ஒரு மருந்து வாங்குவதற்கும் நகரத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

முல்லைத்தீவுக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை பெற்று வருவோர் பலர் கடற்கரை நகரத்தில் இராமல் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் வீடு பார்ப்பது உண்டு. அதில் நியாயம் உள்ளது. அவை பழைய ஊர்கள். நிழல் மரங்களும் நல்ல கிணறுகளும் கொண்டவை. புதுக்குடியிருப்பில் கடைத்தெரு பெரிது, ஆனால் அங்கிருந்து முல்லைத்தீவு நகரத்துக்குப் பரந்தன் வீதியால் வருவோர் நந்திக்கடலின் வாயிலுள்ள வட்டுவாகலைக் கடந்தாக வேண்டும். அங்குள்ள பழைய ஒடுங்கிய பாலத்தின் மேலாக மழைக்காலத்தில் நீர் பாய்வது புதிதல்ல. அந்நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று அங்கு குடியிருப்பவரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். மாங்குளம் நான்கு திசைக்கும் வழியுள்ள சந்தி. வேலை ஓரிடத்திலும் துணையின் வேலை இன்னோரிடத்திலும் உள்ள குடும்பங்களுக்கு அது நடுவான இடம்.

ஆவணித் தண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் கிணறு வெட்டினால் தண்ணீர் வரும் என்றே நம்புவர். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதில் நீர் பரவலாகத் தேங்கும். வன்னியின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கருங்கற் பாறை. அப்பாறையின் மேலுள்ள மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே ஒரே வேலிக்குள் ஒரு மூலையில் வெட்டிய கிணறு ஊற, மறுமூலையில் வெட்டியது கல்லில் முட்டி நின்றுபோவது சாதாரணம். பூநகரியிலும் மன்னாரின் கரையோரத்திலும் நிலவமைப்பு வேறு; அங்கே தண்ணீர் கிடைப்பதைவிட அது உவராகாமல் இருப்பதே பெரிய பாடு.

வீடு பார்க்க ஆடி, ஆவணி மாதங்களில் போங்கள். சோளகக் காற்று புழுதியை வாரியடிக்கும் அக்காலத்தில் ஊரின் உண்மையான முகம் தெரியும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் உட்சுவரில் நீர் இறங்கிய வளையங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகப் படிந்திருக்கும்; மிகக் கீழுள்ள வளையத்துக்கும் அடிக்கும் இடையே எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே உங்கள் கோடைகாலக் கையிருப்பு. கிணறு மூடியிருந்தால் தென்னையைப் பாருங்கள். பழைய தென்னைகள் ஓலை தொங்காமல், குரும்பை உதிராமல் நிற்கும் வளவில் நிலத்தடி ஈரம் உண்டு. பக்கத்து வீட்டு வாசலில் பவுசர் தண்ணீர் இறக்கப் பெரிய நீலத் தாங்கி வைக்கப்பட்டிருந்தால், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் விடை அதுதான்.

குளத்தோடு சேர்த்துப் பார்க்கப் பழகினால் இது இன்னும் தெளிவாகும். குளக்கட்டுக்குக் கீழே, துருசு எனும் மதகால் திறந்துவிடும் நீர் வாய்க்கால் வழி ஓடும் பக்கத்தில் உள்ள கிணறுகள் குளத்துக் கசிவினால் கோடையிலும் நீர் தாங்கும். ஆனால் கட்டிலிருந்து தொலைவில், வாய்க்காலை மட்டும் நம்பி ஊறும் கிணறுகளும் உண்டு. நெற்செய்கையில் காலபோகம் மழையோடு நடக்கும். கோடைச் செய்கையான சிறுபோகத்திலோ குளத்தில் உள்ள நீரின் அளவைப் பார்த்து, எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். உங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு அந்த ஆண்டு நீர் இல்லையென்று முடிவானால், வயல் மட்டுமன்றி உங்கள் கிணறும் வற்றும். எனவே 'இந்த வாய்க்காலுக்குச் சிறுபோகத்தில் எல்லா ஆண்டும் தண்ணீர் வருமா' என்று கமக்காரர் ஒருவரைக் கேளுங்கள். தரகரைக் கேட்டுப் பயனில்லை.

அளவு இருந்தால் போதாது, தரமும் வேண்டும். வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீர் கடினமானது. சில இடங்களில் புளோரைட்டு மிகுந்தது. காரணம் இன்னும் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தை மட்டுமன்றி இப்பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை. வாடகை வீட்டுக் குசினியில் கேத்திலைத் திறந்து பாருங்கள்; அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படை கட்டியிருந்தால் நீர் கடினமானது. ஊர்ப் பிள்ளைகளின் முன்பற்களில் கபில நிறக் கறை பரவலாகத் தெரிந்தால் புளோரைட்டை ஐயுறலாம். இலங்கைத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரியைக் கொடுத்துச் சோதிப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. குழாய் நீர் வரும் பகுதியா, வருமென்று சொல்லப்படும் பகுதியா என்பதையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். வீதியில் குழாய் புதைத்திருப்பது வீட்டுக்கு நீர் வருவதற்குச் சான்றாகாது.

மார்கழித் தண்ணீர்

வன்னிக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிறது. கோடையில் நீருள்ள தாழ்நிலமே அக்காலத்தில் வெள்ளத்திலும் மூழ்கும் என்பதுதான் இங்கு இடம் தெரிவு செய்வதன் சிக்கல். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தில் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கனகராயன் ஆற்றோரமாகக் கீழே இருந்த முரசுமோட்டை, கண்டாவளை முதலிய ஊர்கள் நீரில் மூழ்கின. முல்லைத்தீவிலும் பல குடும்பங்கள் பாடசாலைகளில் தங்க நேரிட்டது. கோடையில் அதே ஊர்களைப் பார்ப்பவருக்கு அவை கிளிநொச்சியின் மிகச் செழிப்பான ஊர்கள்.

எனவே காணியையோ வீட்டையோ பார்க்கும்போது அது குளத்தின் எந்த உறுப்புக்கு அருகில் இருக்கிறது என்று அறிய வேண்டும். கட்டுக்குக் கீழே, வான் பாயும் ஓடைக்கு விலகி, வயலைவிட ஓரிரு அடி உயர்ந்த மேட்டுக்காணி மிகச் சிறந்தது. பழைய ஊர்களில் கோயிலும் மூத்த குடும்பங்களும் இருப்பது பெரும்பாலும் அத்தகைய இடத்தில்தான். வான் ஓடையின் இருமருங்கும் தவிர்க்கப்பட வேண்டியது. குளம் நிறையும்போது நீர் எட்டும் விளிம்பான அலைகரையோ எக்காரணங்கொண்டும் வாங்கக் கூடாதது. கோடையில் அது புல்முளைத்த வெளியாகத் தெரியும். நகரத்துக்கு அருகில் அதைக் கிரவல் கொட்டி நிரப்பிக் கால் ஏக்கர், அரை ஏக்கராக வேலியடைத்து விற்பவர்களும் உண்டு. குளம் நிறையும் ஆண்டில் அந்நிலத்தைக் குளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னரே அது ஒதுக்குநிலம் என்று கூறிக் கமநல அபிவிருத்தித் திணைக்களமோ நீர்ப்பாசனத் திணைக்களமோ எழுப்பக்கூடும். விலை குறைவு என்பதற்காக அதை வாங்குவோருக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்குவதில்லை.

முடிந்தால் கார்த்திகையில் ஒருமுறை, தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்த பின்னர் அவ்விடத்தைப் பாருங்கள். முடியாவிட்டால் சுவரைப் பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய வீட்டிலும், மலசலகூடத்தின் பின்புறச் சுவரிலும் மதிலின் உட்பக்கத்திலும் பழைய நீர்மட்டக் கோடு அழியாமல் இருக்கும். அயல்வீட்டில் நெல் மூட்டையை எவ்வளவு உயரத்தில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதும் ஒரு கணக்கு.

காடும் நிலத்தின் அடியும்

ஊரின் விளிம்பில் விசாலமான காணி விரும்புவோர் யானையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வவுனியா வடக்கு, செட்டிகுளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கங்களில் காட்டோர ஊர்களுக்குள் யானை வருவது அறுவடைக் காலத்தில் வழக்கமாகிவிட்டது. மின்வேலி இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அது வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்தும் ஒரு வளவிலேனும் வாழை நட்டிருக்காவிட்டால், அங்கே இரவில் யார் வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். குரங்குத் தொல்லை எங்கும் உண்டு. அதைக் காரணமாக வைத்து எந்த ஊரையும் ஒதுக்க முடியாது.

கண்ணிவெடி அகற்றும் பணி பெரும்பகுதி முடிந்துவிட்டது, முழுவதும் முடியவில்லை. 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு 2028 வரை காலவரையறை உண்டு. பல ஆண்டுகளாகக் குடியிருப்புள்ள வளவில் அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் பற்றைபிடித்துக் கிடந்த காணியை, குறிப்பாக முன்னைய முன்னரங்குகளை ஒட்டிய முகமாலை போன்ற பகுதிகளில் வாங்குவதாயின், அது பரிசோதித்துக் கையளிக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெற்ற பின்னரே பற்றை வெட்டவும் கிணறு தோண்டவும் வேண்டும்.

காணியின் கடதாசி

வாடகைக்கு இருப்பவர் இப்பகுதியை விரைந்து கடக்கலாம். எழுத்தில் உடன்படிக்கை, மின்பட்டியல் நிலுவை இல்லையென்ற உறுதி, கிணற்றைப் பொதுவில் பாவிக்கும் வீடுகள் எத்தனை என்ற விவரம் ஆகியவை போதும். வாங்குவோர் பொறுமையாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகைக்கு இருந்து பார்க்காமல் வன்னியில் காணி வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வெளிநாட்டிலிருந்து இரு வார விடுமுறையில் வந்து, வாங்கி, மதில் கட்டிவிட்டுப் போவோர் இந்த அறிவுரையை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

இங்குள்ள காணிகளில் தனியார் உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணி குறைவு. பெரும்பாலானவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய பெர்மிட் காணிகள், அல்லது அதன் அடுத்த படியாக அளிப்புப் பத்திரம் பெற்றவை. பெர்மிட் காணியை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதைக் கைமாற்றவோ, தாம் விரும்பியபடி துண்டாக்கவோ அவருக்கு இயலாது. 'எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்று கூறி, ஒரு வெள்ளைத்தாளிலோ அற்றோணித் தத்துவம் எனும் அதிகாரப் பத்திரத்திலோ கையொப்பம் வாங்கித் தரும் வியாபாரம் பரவலாக நடக்கிறது. பெர்மிட்காரர் இறந்தபின் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர் வந்து நின்றால், அத்தாளை வைத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே தரகரோடு பேசுவதற்கு முன்பே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று, துண்டு இலக்கத்தைக் கொடுத்து, யாருடைய பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

உறுதிக் காணியிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது. போர்க்காலத்தில் உரிமையாளர் இடம்பெயர, வேறொருவர் இருந்து பயிர் செய்த காணிகள் ஏராளம். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்ப்பதோடு, கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் அது யார் ஆண்ட காணி என்று விசாரியுங்கள். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை செல்லும் காணியாயின், கூட்டுரிமையாளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. விற்பவர் மணமான பெண்ணாயின் கணவரின் சம்மதமும் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களின் பெயருக்குக் காணியை உடைமை மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அத்தடை இல்லை. அந்தச் சான்றிதழ் கையில் வரும்வரை தம்பியின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ வாங்கி வைப்பது பற்றி நான் கூற வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் அதற்குக் கதை உண்டு.

அயலும் பள்ளிக்கூடமும்

புதிதாக வருவோர் தம் ஊரவர் இருக்கும் இடத்தையே நாடுவர். அதில் தவறில்லை, வன்னியே அவ்வாறு குடியேறியவர்களால் நிரம்பியதுதான். தீவகத்திலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வயலுக்காக வந்தோர், 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்தோர், தலைமுறைகளாகக் குளத்தோடு வாழ்ந்த பூர்வீகக் குடிகள் என்று ஊருக்கு ஊர் வழக்கும் வழிபாடும் மாறும். முதல் ஆண்டில் தெரிந்தவர் அருகில் இருப்பது பிள்ளையைப் பார்க்கவும் வைத்தியசாலைக்குத் துணை வரவும் உதவும். நிரந்தரமாக இருக்க எண்ணுவோர் மட்டும், உத்தியோகத்தர் நிறைந்த தெருவைவிடப் பழைய ஊர்க்காரர் உள்ள தெருவைத் தெரிவு செய்வது மேல். இடமாற்றம் வந்ததும் உத்தியோகத்தர் போய்விடுவார். எந்த வாய்க்கால் எப்போது பெருகும் என்று அறிந்தவர் போகமாட்டார்.

வைத்தியசாலையைப் பொறுத்தவரை, வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. முல்லைத்தீவினது மாஞ்சோலையில் இருக்கிறது. சிறப்புச் சிகிச்சைகளுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவர். முதியவர்களோடு வருவோர் ஏ9 வீதியிலிருந்து உள்ளே வெகுதூரம் போக வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் ஒழுங்கையை அதன் சாரதிக்குத் தொலைபேசியில் விளக்க முடிகிறதா, அங்கே சிக்னல் கிடைக்கிறதா என்பதை வீடு பார்க்கும் அன்றே கைபேசியை எடுத்துப் பார்த்துவிடலாம்.

பாடசாலைக்காக இடம் தெரிவு செய்வோர் காலத்தைக் கணக்கிட வேண்டும். அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவில் விண்ணப்பிக்கும்போது, வீட்டின் தூரத்தோடு ஐந்து ஆண்டுகளுக்கான வாக்காளர் இடாப்பும் பார்க்கப்படும். பிள்ளைக்கு ஐந்து வயதான பின்னர் பெயர் பெற்ற பாடசாலைக்கு அருகில் வாடகைக்கு வருவதனால் இந்தப் பிரிவில் புள்ளி பெரிதாகச் சேராது. சேவைத் தேவை கருதி இடமாற்றம் பெற்றோருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதை அதிபரிடம் முதலில் கேட்டுவிட்டே வீடு தேடுங்கள். கைக்குழந்தையோடு வருவோர், சாமான்களை இறக்கிய வாரத்திலேயே கிராம அலுவலரிடம் சென்று குடியிருப்பைப் பதிந்து, அவ்வாண்டு இடாப்புத் திருத்தத்தில் பெற்றோர் இருவரின் பெயரும் இப்புதிய முகவரியில் ஏறுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வாடகை வீடாயின், அம்முகவரியில் உங்கள் பெயரைப் பதிய வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிப்பாரா என்பதையும் முற்பணம் கொடுக்குமுன்னரே கேட்டுவிட வேண்டும்.